கலைத்துப் போட்ட கற்கள்

பாதைக் காவலனுக்குக் கல் அடுக்கைக் கண்டாலே ஆகாது. மலைக்காட்டுப் பூங்காவில் நடக்க வருகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது. பாதையோரம் உட்கார்ந்து கல்லின் மேல் கல்லை ஏற்றிப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பின்னால் வருகிறவன் அதை வழிக்குறி என்று நம்பிப் பள்ளத்தில் இறங்குவான். அதனால் அடுக்கைக் கண்ட இடத்தில் உதைத்துக் கலைப்பதும், கிடக்கிற குப்பையைப் பொறுக்கித் தோள்பையில் போடுவதும் அவன் வேலை. வருஷக்கணக்கில் செய்து செய்து, இப்போதெல்லாம் அவன் நினைக்காமலே கால் போய் உதைத்துவிடும்.

லீவுக்கு வந்திருந்த அக்கா புருஷன் இதை வைத்தே அவனை ஓட்டினார். மச்சான் பஸ் டிரைவர். வாய் ஓயாத மனுஷன். "நாயைக் கண்டா கல்லைக் காணோம்பாங்க. எங்க மாப்ளையைக் கண்டாலே கல்லைக் காணோம்!" என்று சாப்பிடும்போது சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "நான் காட்டுல தொலைஞ்சா கல்லைத்தான் அடுக்குவேன்டா. நீ எதைப் பாக்காம போனாலும் அதைப் பாக்காம போகமாட்டே."

சாப்பிட்டதும் அருவி வரைக்கும் கூட வரச் சொன்னார். இவனுக்குச் சோம்பல். "உங்களுக்கு அது வேடிக்கை, எனக்கு அது வேலை மச்சான். பாதை நேராத்தான் போகுது, போயிட்டு வாங்க" என்று பாயை விரித்துவிட்டான்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கியது, மழை பிடித்தது. ஆள் திரும்பவில்லை.

விடிந்ததும் மற்ற காவலர்கள் அருவிப் பக்கத்துப் பள்ளத்தைத் தேடப் போனார்கள். மேட்டுப்பாதையை இவன் தனியாக எடுத்துக்கொண்டான். நுழைவாயில் அலுவலகத்தில் வாக்கி-டாக்கி பக்கத்திலேயே அக்கா உட்கார்ந்திருந்தாள். "உன்னை நம்பித்தான் இருக்கேன் தம்பி" என்றாள்.

"மச்சான்! மச்சான்!" என்று கத்திக்கொண்டே நடந்தான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. சாமியைக் கும்பிட்டான், சாமியைத் திட்டவும் செய்தான். மேகம் விலகவே இல்லை. பத்தடிக்கு அப்பால் மரம் எது, மனுஷன் எது என்று தெரியவில்லை. நேற்று கூடப் போயிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

மேட்டுப்பாதை முடிகிற பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலுக்காகப் பையில் கைவிட்டான். பச்சை நிறப் பாட்டில் மூடி ஒன்று கையில் வந்தது. அதில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

எங்கே போனாலும் மச்சான் மூடியைத் தொலைத்துவிடுவார் என்று நேற்றுக் காலையில்தான் அக்கா இவன் வீட்டு அடுப்படியில் நின்று அந்த நூலைக் கட்டினாள். இன்று காலை இவன் வரும் வழியில் அந்த மூடி ஒரு கல் அடுக்கின் உச்சியில் இருந்தது. இவன் அடுக்கை உதைத்தான், உருண்ட மூடியைக் குப்பை என்று பொறுக்கிப் பையில் போட்டான். வாய் மட்டும் மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

எந்த அடுக்கு? வழியில் பாதை பிரிகிற மூன்று இடங்களில் மூன்றை உதைத்திருந்தான். எழுந்து வந்த வழியே ஓடினான்.

முதல் பிரிவில் சரிவில் இறங்கிப் பார்த்தான், முள்தான் கிழித்தது. மறுபடி மேலேறி ஓடினான். இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில், தண்ணீர்ச் சத்தம் கேட்கும் பக்கமாக இறங்கியபோது, ஒரு கல் அடுக்கு கலையாமல் நின்றது. பிறந்ததிலிருந்து எந்த அடுக்கைப் பார்த்தும் அவன் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. "வந்துட்டேன் மச்சான்!" என்று அழுதுகொண்டே ஓடினான்.

அடுத்த அடுக்கு முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்கடுத்ததில் இரண்டே கல். அதற்கும் கீழே வேரின் மேல் ஒரே ஒரு கல், வைத்தது வைத்தபடி.

மச்சான் மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கணுக்கால் பூசணியாக வீங்கியிருந்தது. உடம்பெல்லாம் நனைந்திருந்தது. கையைப் பிடித்தான், சில்லென்றிருந்தது. மூக்கருகே விரல் வைத்தான், நெஞ்சில் காது வைத்தான். இரண்டிலும் ஒன்றுமில்லை. சட்டைக்குள் கைவிட்டு அக்குளைத் தொட்டபோது அங்கே மட்டும் இன்னும் சூடு இருந்தது.

காலையில் அவன் அந்தக் கல்லை உதைத்தபோது இவர் உயிரோடு இருந்திருக்கிறார். கத்தியது காதில்கூட விழுந்திருக்கும்.

வாக்கி-டாக்கியில் மற்ற காவலர்களுக்கு இடத்தைச் சொன்னான். ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொன்னான். அதற்குள் அலுவலகத்தில் இருந்த வாக்கி-டாக்கியை அக்கா பிடுங்கிவிட்டாள்.

"தம்பி, அவருக்கு எப்படிடா இருக்கு?"

"போயிட்டாருக்கா."

அவள் குரல் யாருடையதோ போல வந்தது. "கல்லு வைப்பேன்னாரே. ஒண்ணுகூட வைக்கலையா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். காட்டில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

"வச்சிருந்தாருக்கா. காலையிலயே பாத்தேன். நான்தான் உதைச்சுட்டுப் போயிட்டேன்."

வாக்கி-டாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

தூக்க வருகிறவர்களுக்கு அந்த மேகத்தில் வழி தெரிய வேண்டும். அவன் பிரிவுக்கு ஏறிப்போய், சிதறிக் கிடந்த கற்களைப் பொறுக்கினான். பெரியதை அடியில் வைத்து அதன்மேல் இன்னொன்றை வைத்தான். மூன்றாவது கல் எப்படி வைத்தாலும் நிற்கவில்லை.