கடலோர மேட்டில் பன்னிரண்டு மைல்

ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிற நல்லம்மாளுக்கு ஐம்பத்தோரு வயது. வாய்க்காலில் விழுந்து முழங்கால் வீங்கி ஒரு மாதம் படுத்துவிட்டாள். அதற்குள் தோட்டத்து ஆள்கணக்கைப் பார்க்கும் பெரிய கிராணி கார்த்திகேசு தொழிலாளர் அலுவலகத்துக்குக் கடிதமே எழுதிவிட்டார்: இவளால் நடக்க முடியாது, வேலைக்கு ஆகமாட்டாள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். வியாழக்கிழமை நடுப்பகல் கோல சிலாங்கூர் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை.

"நடக்க முடியாதாமுல்ல? நடந்தே போறேன்," என்றாள் பக்கத்து வீட்டுக் கலாவதியிடம்.

"பஸ்ஸு இருக்கேக்கா. பன்னண்டு மைலு தூரமாச்சே!"

"ரோட்டுல போனா பஸ்ஸுல வந்தேன்னு சொல்லிப்புடுவான். கடலோர மேட்டு மேல போறேன்."

கடல்நீர் உள்ளே வராமல் கட்டிய மண்மேடு அது. ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் சதுப்புக் காடு. விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினாள். நீர்நாய்க் குடும்பம் ஒன்று அவளைக் கண்டு சிறிதும் அவசரப்படாமல் மேட்டைக் கடந்து போனது. மேடு கரைந்த இடத்தில் தொடைவரை புதையும் சேற்றில் நாரைகள் நின்றன; அவளும் இறங்கி ஏறினாள். பாதையை அடைத்துக் கிடந்த உடும்பு இவள் நெருங்கியபின்தான், பெரிய மனசு பண்ணி, நீரில் இறங்கியது. முதல் நான்கு மைலும் முழங்கால் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது மைலில் திறந்தது, மூடவேயில்லை.

மேட்டைக் குறுக்கே வெட்டிய வாய்க்காலைக் கடக்கும் மதகுப் பலகையில் குரங்குக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. நடுவில் தாட்டியான ஒரு கடுவன், இவள் கையிலிருந்த சோற்றுப் பொட்டலத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. பொட்டலத்தை எறிந்தால் வழி கிடைக்கும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஓடவோ கால் இல்லை. நல்லம்மாளுக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபம் பெரிதாக வந்தது.

"எங்க கிராணியையே பாத்தவ நானு. நீ என்ன சுண்டக்கா!"

பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு, அதன் கண்ணைப் பார்த்தபடியே ஓர் அடி வைத்தாள். கடுவன் உறுமியது. இன்னோர் அடி வைத்தாள். அது தலையைச் சொறிந்து, வேறு வேலை இருப்பதுபோல் மதகின் கம்பியில் ஏறிக்கொண்டது. அக்கரை சேர்ந்தாள். அங்கேயே உட்கார்ந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றாள்.

ஒன்பதாவது மைலில், நண்டுக் கூடை கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒரு சீனக் கிழவர் வந்து நின்றார். இவள் நொண்டுவதைப் பார்த்துப் பின்சீட்டைத் தட்டினார்.

"தங்கச்சி, ஏறு லா. யாரு பாக்கறது?"

ஒருவரும் பார்க்கவில்லைதான். முழங்காலோ ஏறு ஏறு என்று கெஞ்சியது.

"நான் பாக்குறேனே தவ்கே," என்றாள், சீன முதலாளிகளைக் கூப்பிடும் அதே மரியாதையோடு. கிழவர் இவளுக்குப் பைத்தியம் என்று தலையை ஆட்டிவிட்டு, தண்ணீர்ப் புட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

அலுவலகத்தில் கார்த்திகேசு ஏற்கெனவே காரில் வந்து காற்றாடியின் கீழ் உட்கார்ந்திருந்தார். மலாய்க்கார அதிகாரி கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். தொடைவரை சேறு பூசிய நல்லம்மாள் உள்ளே நுழைந்ததும், மொழிபெயர்க்கும் உமாபதி எழுந்தே நின்றுவிட்டார்.

"ஜெராம்லேருந்து நடந்து வந்தேன்யா. அவருகிட்ட சொல்லுங்க."

"எல்லாம் நாடகம். வாசல் வரைக்கும் பஸ்ஸில வந்து சேறு பூசியிருக்கிறா," என்றார் கார்த்திகேசு. உமாபதி இரண்டையும் சொன்னார். அதிகாரி அவளுக்கு நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"இப்பத் திரும்பி நடக்கப் போறேன் கிராணியாரே, அதே மேட்டு மேல. சந்தேகம்னா கூட வாங்க. பாதியில நீங்க உக்காந்துட்டா, அந்தக் கடுதாசியில உங்க பேர எழுதிக்கலாம்."

உமாபதி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அதிகாரி கார்த்திகேசுவின் காலில் பளபளத்த சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு கடிதத்தை மடித்து, இது செல்லாது என்று அவர் பக்கமே தள்ளினார்.

நல்லம்மாள் வாசலில் நின்று கார்த்திகேசுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைப் பெரட்டுல, எல்லாரும் வரிசையா நிக்கறப்ப, என் பேரக் கூப்பிடுங்க. கொஞ்சம் சத்தமாவே கூப்பிடுங்க."