காற்றை ஏற்றிப் போன லாரி

எங்கள் மெத்தைத் தொழிற்சாலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று முடிவு செய்ய, முதலாளி ஒரு ஆலோசகரை அமர்த்தினார். பதினோரு வருடமாக அந்த மெத்தைகளை லாரியில் ஏற்றி அனுப்புகிற மேற்பார்வையாளர் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வந்து என்ன செய்ய, அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இருந்த கொட்டகையைச் சொந்தக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும். கையில் இரண்டு இடம் இருந்தது. ஒன்று இதே நகரத்தின் ஓரத்தில், இப்போதைய கொட்டகையிலிருந்து நடக்கிற தூரத்தில், ஐஸ் தொழிற்சாலையை ஒட்டி; அந்தத் தொழிற்சாலைக்காரருக்கே சொந்தமானது. சின்ன இடம், விலை கேட்டால் தலை சுற்றும். இன்னொன்று ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. பத்து ஏக்கர், அடிமாட்டு விலை, தண்ணீர், மின்சாரம், வரிச் சலுகை என்று எல்லாம் உண்டு.

தூரத்து இடத்தைக் கண்டுபிடித்தவர் முதலாளி மனைவியின் தம்பி. முதலாளி அவரை மச்சான் என்று கூப்பிடுவதால் தொழிற்சாலை மொத்தத்துக்கும் அவர் ‘மச்சான் சார்’ ஆகிவிட்டார். நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவோம். அவரும் ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. அந்த நல்ல குணத்தால்தான் அவரை முழுசாக வெறுக்க முடியாமல் தவித்தேன்.

இதில் உனக்கென்ன வந்தது என்று கேட்டால், என் அண்ணிக்கு வந்தது. தையல் பிரிவுக்கு அவர்தான் தலைமை. அண்ணனுக்கு வெளியூர் வேலை, மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். இரண்டு பிள்ளைகளையும் வேலையையும் ஒற்றை ஆளாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவரோடு சேர்த்து முப்பத்துநாலு பெண்கள், எல்லோரும் பக்கத்துத் தெருக்களிலிருந்து வருகிறவர்கள். தொழிற்சாலை தூரமாகப் போனால் ஒருத்தருக்கும் வேலை கிடையாது. கம்பெனி பஸ் விடலாம் என்றார் ஆலோசகர். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அதுவரை பிள்ளைகளைப் பஸ்ஸா பார்த்துக்கொள்ளும்?

ஆலோசகர் ஒரு தாளில் எட்டுக் கட்டம் போட்டு இரண்டு இடத்துக்கும் மதிப்பெண் கொடுத்திருந்தார். தூரத்து இடம் எண்பத்தொன்று, பக்கத்து இடம் அறுபத்துநாலு. காலை எட்டு மணிக்குக் கூடிய கூட்டத்தில் என்னை யாரும் பேசச் சொல்லவில்லை. நானே எழுந்துவிட்டேன்.

“சார், கரும்பாலையைக் கரும்பு விளையுற இடத்துல வெக்கிறாங்கன்னா காரணம் இருக்கு. உள்ள போறது மலையளவு, வெளிய வர்றது கொஞ்சம். நமக்கு அப்படியே தலைகீழ். ஒரு லாரி ரசாயனம் உள்ள வருது, அது நுரைச்சு உப்பி நாலு லாரி மெத்தையா வெளிய போகுது. நாம காத்தை ஏத்திக்கிட்டு ஓடுறோம் சார். வாங்குறவங்களுக்குப் பக்கத்துலதான் நாம இருக்கணும்.”

ஆலோசகர் பெருந்தன்மையாகச் சிரித்தார். மெத்தை எடை குறைந்த பொருள், கிலோவுக்கு இவ்வளவு என்று வாடகையைக் கணக்கிட்டால் தூரம் ஒரு பொருட்டே அல்ல என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்பது டன் லாரியில் மெத்தையை அடைத்தால் ஒன்றரை டன்னிலேயே இடம் நிறைந்துவிடும். சரக்கு லேசாக இருக்கிறதே என்று எந்த லாரிக்காரர் பாதி வாடகை வாங்குகிறார்?

முதலாளி காதைச் சொறிந்தார். முடிவெடுக்க முடியாதபோது அவர் காதைத்தான் சொறிவார். மாணவர் விடுதி ஒன்றுக்கு மறுநாள் போக வேண்டிய மெத்தைகள் ஏற்றித் தயாராக நின்றன. அந்த லோடு இன்றைக்குப் புது இடம் வரை போய்விட்டு வரட்டும், டீசல் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம் என்றார். மச்சான் சார் உடனே தானே ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போவதாகக் கிளம்பிவிட்டார்.

ஒன்பதரை மணிக்கு ஓட்டுநர் போன் செய்தார். புது இடத்துக்குப் போகிற வழியில் லாரி ஒரு ரயில் பாலத்தடியில் மாட்டிக்கொண்டது என்றார்.

இடம் பார்க்க முதலாளியும் மச்சான் சாரும் ஆலோசகரும் ஆறு முறை போயிருந்தார்கள். ஆறு முறையும் காரில். பாலத்தில் ‘உயரம் மூன்றரை மீட்டர்’ என்று பலகை தொங்குவதைக் காருக்குள் குளுகுளுவென்று உட்கார்ந்திருப்பவர் எதற்குப் பார்க்கப்போகிறார்? மெத்தை லாரியோ நாலு மீட்டருக்கு மேல் நிற்கும். ஓட்டுநர் பலகையைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். “மெத்தைதானே, அமுங்கிக் குடுக்கும், போங்க” என்றாராம் மச்சான் சார். மெத்தையும் சொன்ன பேச்சைக் கேட்டு அமுங்கிக் கொடுத்தது. பாதி லாரி உள்ளே போனதும் முன்னாலும் பின்னாலும் புசுபுசுவென்று எழும்பி, பாலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. டயர்களில் காற்றை இறக்கி, பின்னால் ஒரு டிராக்டரைக் கட்டி இழுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் கணக்குப்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மதியம் ஒரு மணிக்கு லாரி திரும்பி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மேல் வரிசை மெத்தைகள் நாற்பத்திரண்டுக்கும் உறை கிழிந்து தொங்கின. மறுநாள் காலையில் விடுதிக்குக் கொடுத்தாக வேண்டும். மச்சான் சாரின் தலையெல்லாம் பாலத்துத் தூசி. அண்ணி கிழிசல்களை ஒரு சுற்று பார்த்தார். எல்லா உறையையும் உரித்துவிட்டுப் புதிதாக வெட்டித் தைக்கலாம், ஆறு மணிக்குள் முடியும் என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷினுக்குப் போனார்.

தையல் கூடம் அதிர்ந்தது. நாலு பேர் வெட்ட, மற்றவர்கள் தைக்க, ஓரம் அடிக்கும் மெஷினில் அண்ணி நின்றார். முதலாளியும் மச்சான் சாரும் வாசலோரம் நாற்காலி போட்டுக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரியாக மூன்றரைக்கு, ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் பதினாலு பெண்கள் எழுந்து வெளியே ஓடினார்கள். அண்ணியும்தான்.

மச்சான் சார் பதறிப்போனார். நெருக்கடியான நேரத்தில் இப்படி விட்டுவிட்டுப் போகிறார்களே என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்றைக்குப் பார்த்து யாராவது தாமதித்தால் எல்லாம் போச்சு. அவர்கள் விட்டுப்போன மெஷின்களில் பாதிக்கு மற்றவர்கள் மாறி உட்கார்ந்திருந்தார்கள், வேலை நிற்கவில்லை. மூன்று ஐம்பத்தைந்துக்குப் பதினாலு பேரும் வியர்த்து வழியத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

எங்கே போனார்கள் என்று முதலாளி என்னைக் கேட்டார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள், தினமும் இப்படித்தான், அந்த அரைமணியைச் சாயங்காலம் இருந்து ஈடுகட்டிவிடுவார்கள் என்றேன். இத்தனை வருடமாகத் தனக்குத் தெரியாதே என்றார். அந்த நேரத்தில் அவர் மேலே அலுவலகத்தில் சாப்பாட்டுத் தூக்கத்தில் இருப்பார் என்பதை நான் சொல்லவில்லை. எனக்கும் நாக்கை அடக்கத் தெரியும்.

ஐந்து நாற்பதுக்கு நாற்பத்திரண்டாவது மெத்தையை லாரியில் ஏற்றினோம். மச்சான் சார், தோற்றவர் போலில்லாமல் நல்லபடியாகவே பேசினார். பாலத்தைச் சுற்றி இருபது கிலோமீட்டரில் வேறு பாதை இருக்கிறது, அதை யோசிக்கலாம் என்றார். முதலாளி கையில் ஆலோசகரின் தாள் இருந்தது. காதைச் சொறியவில்லை.

“பாலத்தைச் சுத்திப் போயிடலாம் மச்சான்,” என்றார். “இவங்கள மாதிரி ஆளுங்களுக்கு நான் எங்க போவேன்?”

மச்சான் சார் கூடத்தை ஒருமுறை பார்த்தார். சரிதான் அத்தான் என்று சொல்லிவிட்டு, தூசியைத் தட்டிக்கொண்டே, ஐஸ் தொழிற்சாலைக்காரருக்குத் தானே போன் போட்டார். ஓடிப்போய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் மெஷினை அணைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களும் மெஷின்களை நிறுத்திவிட்டார்கள்.

“கட்டடம் மெதுவா எழும்பட்டும்,” என்றார் அண்ணி, முதலாளிக்கும் கேட்கும்படி. “முதல்ல எங்களுக்கு நாலு கழிப்பறை கட்டச் சொல்லு. இப்ப முப்பத்துநாலு பேருக்கு ஒண்ணுதான் இருக்குன்னு அந்த எட்டுக் கட்டத்துல எதுலயாவது எழுதியிருக்கா?”

முதலாளி தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.