காற்றில்லாமல் சுற்றிய காற்றாலை

மாடிப்படியில் யார் இறங்கினாலும் மூத்தவளுக்குக் காலடிச் சத்தத்திலேயே ஆள் தெரிந்துவிடும். தபதபவென்று வந்தால் கொழுந்தன். செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தால் அவன் மனைவி, அதாவது இவளுடைய ஓர்ப்படி. இரண்டிரண்டு படியாகக் குதித்து வந்தால் அவர்கள் பெண் வாண்டு. அன்று காலை ஏழரை மணிக்கு வாண்டு குதிக்காமல் ஒவ்வொரு படியாக மெதுவாக இறங்கினாள். கீழ்வீட்டில் மகனின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மூத்தவளுக்கு உடனே மூக்கு வியர்த்துவிட்டது. பெண் கையில் என்னமோ இருக்கிறது!

"பெரியம்மா, தும்பி ரெடியா? வேன் வந்துடும்."

"அவன் கிடக்கிறான். கையில என்னடி அது?"

"காத்தாலை! வெள்ளிக்கிழமை இன்ஜினியர் அக்கா வருவாங்கள்ல, அவங்ககிட்ட காட்டறதுக்கு. நானே செஞ்சேன்."

அட்டையில் வெட்டிய ஆறு இறக்கைகள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்றில் பால் பாக்கெட்டின் பேர்கூட அழியாமல் இருந்தது. பிள்ளை கைவேலை என்று பார்த்தவுடனே தெரியும். வாண்டு அதை அறையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிக்கு நேரே பிடித்தாள். கோணல் இறக்கைகள் கிறுகிறுவென்று சுற்றின. அடியில் ஒட்டியிருந்த குட்டி சிவப்பு பல்பு எரிந்தது. பல்பு எரிந்ததோ இல்லையோ, மூத்தவளின் வயிறு நன்றாகவே எரிந்தது.

இந்த எரிச்சலுக்கு வயது ஒன்பது. இரண்டு பிள்ளைகளும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். வாண்டுவுக்கு எட்டாம் மாதம் பல் முளைத்தது, தும்பிக்குப் பத்தாம் மாதம். அந்த இரண்டு மாதத்தை மூத்தவள் இன்னும் மன்னிக்கவில்லை. இத்தனைக்கும் அவள் வேலை பார்ப்பது பல் ஆஸ்பத்திரியில். தினமும் பல் போனவர்களுக்கு டோக்கன் எழுதிக் கொடுக்கிறவளுக்கு, முளைத்த பல் எப்போது முளைத்தால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நடந்தது முதலில் வாண்டு. பேசியது முதலில் வாண்டு. இப்போது இருவரும் ஒரே பள்ளியில், நாலாம் வகுப்பில், ஒரே பிரிவில். கேட்கவா வேண்டும்!

பள்ளிக்கு நான்கு வாரமாக வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு இன்ஜினியர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் காற்றாலை மின்நிலையத்துக்காரர்கள். ஒருவர் அதிகம் பேசாத நடுவயதுக்காரர், பெட்டியைத் தூக்கி வருவார். இன்னொருத்தி வெயிலில் கறுத்த இளம்பெண். கனத்த பூட்ஸோடு வகுப்புக்குள் வந்து முதல் நாளே கேட்டாளாம்: "இன்ஜினியர்னா யாரு?" 'வீடு கட்டறவங்க', 'கண்ணாடி போட்டவங்க', 'நிறைய படிச்சவங்க' என்று பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்களாம். "ஒண்ணு ஏன் ஓடலேன்னு ஓடற வரைக்கும் விடாம யோசிக்கிறவங்க" என்றாளாம் அவள். கரியும் எண்ணெயும் எரிக்க எரிக்கத் தீர்ந்துபோகும், புகை நம் மூச்சுக்குள்தான் வரும், காற்றும் வெயிலும் எடுக்க எடுக்கத் தீராது என்றெல்லாம் தும்பி தினமும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். மூத்தவள் காதில் அதில் ஒன்றுகூட ஏறவில்லை. ஒன்றே ஒன்றுதான் ஏறியது: கடைசி வெள்ளிக்கிழமை, பெற்றோர் முன்னால், இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் மஞ்சள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு நிஜக் காற்றாலைக்கு உள்ளே போய்ப் பார்க்கலாம். படம் பள்ளிப் பலகையில் வரும்.

அன்று மாலை வேலையிலிருந்து வந்ததும் நேரே மகனின் மேசைக்குப் போனாள். அங்கே ஒரு தண்ணீர் பாட்டிலை வெட்டிய இறக்கைகள், உடைந்த பொம்மைக் காரின் மோட்டார், ஏகப்பட்ட ஒட்டுநாடா. தும்பி மோவாயை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதென்னடா குப்பை?"

"என் காத்தாலைம்மா. ரெண்டு சுத்து சுத்திட்டு நின்னுடுது. ஏன்னுதான் யோசிக்கிறேன்."

"அங்க ஒருத்தி பல்பே எரிய விட்டுட்டா. நீ யோசி, யோசி, யோசிச்சுக்கிட்டே இரு!"

அடுத்த நாள் அவன் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் பாட்டில் இறக்கைகள் தெருவில் வந்த குப்பை வண்டியில் ஏறிவிட்டன. மூத்தவள் ஆஸ்பத்திரிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குப் புராஜெக்ட் செய்து கொடுக்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். பச்சைத் துணி விரித்த மேடு, வெள்ளைக் கோபுரம், பளபளவென்று மூன்று இறக்கை, கீழே நான்கு குட்டி வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விளக்கு.

"இது நல்லா சுத்துமாங்க?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! அடியில பேட்டரி வெச்சிருக்கேன். சுவிட்சைப் போட்டா சுத்திக்கிட்டே இருக்கும். காத்தே வேண்டாம்!"

"காத்தே வேண்டாமா!" மூத்தவள் பூரித்துப் போனாள். மாடி வீட்டுக் காத்தாலை காற்று அடித்தால்தான் சுற்றும். இது அடிக்காவிட்டாலும் சுற்றும். அப்படியானால் இதுதானே உசத்தி? அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மகன் நாலு வாரமாகச் சொன்னதில் ஒரு வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால்கூடப் போதும், அந்த இடத்திலேயே சிரித்திருப்பாள்.

தும்பி பள்ளியிலிருந்து வந்து பார்த்தான். முதலில் தன் மேசையைப் பார்த்தான், பிறகு பச்சை மேட்டைப் பார்த்தான்.

"அம்மா, என்னோடது எங்க?"

"அதைவிட நல்லது வந்தாச்சு. அது எதுக்கு?"

அவன் புதியதைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தான். "அம்மா, இது காத்துல சுத்தலம்மா. பேட்டரில சுத்துது. அந்த அக்கா கண்டுபிடிச்சுடுவாங்க."

"உன்னைக் கேட்டேனா? சுத்துதா இல்லையா? வாயை மூடிட்டு எடுத்துட்டுப் போ. மாடில இருக்கறவ முன்னாடி என் மானத்தை வாங்காதே."

பையன் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. அன்று மட்டுமில்லை, வெள்ளிக்கிழமை வரைக்கும் சாப்பாட்டு நேரத்தில் காற்றைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ ஒரு பேச்சும் இல்லை. பிள்ளை அடங்கிவிட்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளியின் பெரிய கூடத்தில் நீளமான பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு முப்பது காற்றாலைகளை நிறுத்தியிருந்தார்கள். எதிரே நாற்காலிகளில் அப்பா அம்மாக்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்யும் இளையவளும், அதாவது வாண்டுவின் அம்மாவும், அனுமதி வாங்கிக்கொண்டு வந்து மூத்தவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"தும்பியோடது ரொம்ப அழகா இருக்கு அக்கா."

"ஆமா, அவனே உட்கார்ந்து செஞ்சான்" என்றாள் மூத்தவள், கொஞ்சமும் கூசாமல்.

இன்ஜினியர் பெண் இரண்டு பெரிய மின்விசிறிகளைப் போட்டாள். முப்பதில் இருபத்தைந்து சுற்றின. வாண்டுவின் கோணல் இறக்கை லொடலொடவென்று ஆடிக்கொண்டே சுற்றியது. தும்பியுடையதோ, அவன் அடியில் இருந்த சுவிட்சைத் தட்டியதும், எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு சுற்றியது, நாலு வீட்டிலும் விளக்கு. மூத்தவள் இளையவளின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் வயிறு குளிர்ந்தது.

"சரி, இப்ப காத்தை நிறுத்தறேன். எது எப்ப நிக்குதுன்னு பார்க்கலாமா?" என்று சொல்லி மின்விசிறிகளை அணைத்தாள் அந்தப் பெண்.

ஒவ்வொன்றாக ஓய்ந்தது. பல்புகள் மங்கி அணைந்தன. வாண்டுவுடையதும் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடி நின்றது. தும்பியுடையது மட்டும் நிற்கவே இல்லை.

ஜெயித்துவிட்டோம்! மூத்தவளுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று படபடவென்று கை தட்டினாள். கூடம் முழுவதிலும் அவள் கைச்சத்தம் ஒன்றுதான் கேட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மிஸ், மிஸ்! காத்தே இல்ல, தும்பியோடது சுத்துது! பேய் சுத்துது!" என்று ஒரு பையன் கத்தினான். கூடமே கொல்லென்று சிரித்தது. அப்போதுதான் அவளுக்கு விஷயம் மெல்ல மெல்ல உறைத்தது. தட்டிய கை தட்டியபடியே நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

இன்ஜினியர் பெண் சிரிக்கவில்லை. தும்பியின் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். "இதுக்குள்ள பேட்டரி இருக்கில்ல? யாரு வெச்சது?"

பையன் தலையைத் தூக்கி ஒரே ஒரு தரம் அம்மாவைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான்.

"நான்தான் வெச்சேன். எல்லாரையும் ஏமாத்தலாம்னு நான்தான் வெச்சேன்."

சத்தமாகத்தான் சொன்னான். அவனுடைய மிஸ்ஸுக்குக் கேட்டது, நண்பர்களுக்குக் கேட்டது. நான்கு வாரமாக அவன் வாய் ஓயாமல் பேசிய அந்த அக்காவுக்கும் கேட்டது. அவர்கள் எல்லார் முன்னாலும் திருட்டுப் பட்டத்தைத் தானாகத் தலையில் எடுத்து வைத்துக்கொண்டான், பெற்றவளின் மானத்துக்காக.

மூத்தவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். இப்படியே உட்கார்ந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. பிள்ளைதானே, விளையாட்டாகச் செய்துவிட்டான் என்று நாளைக்கு மறந்தும் போவார்கள். ஆனால் அவள் கால் உட்கார மறுத்தது.

"பொய் சொல்றான்!" என்றாள். "அவன் இல்லீங்க. நான்தான் கடையில வாங்கினேன். அவன் செஞ்சு வெச்சிருந்ததை நான்தான் குப்பையில போட்டேன். அது பேட்டரில ஓடுது, வேண்டாம்னு அவன் சொன்னான். நான்தான் வாயை மூடச் சொன்னேன்."

இரண்டு மூன்று பேர் உச்சுக் கொட்டினார்கள். பின்னால் ஒரு அப்பா, "இப்படியுமா செய்வாங்க!" என்றார். இன்ஜினியர் பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு பெஞ்சுகளைப் பார்த்து, "சரி, உங்க இறக்கையை ஏன் இந்த அளவுக்குச் சாய்ச்சு வெச்சீங்க? தெரிஞ்சவங்க கை தூக்குங்க" என்றாள். வாண்டு தூக்கினாள். இன்னும் ஏழெட்டுக் கைகள் எழுந்தன. மற்றப் பிள்ளைகள் எல்லாம் திரும்பி அவரவர் அப்பா அம்மாவைப் பார்த்தார்கள். இப்படியுமா செய்வார்கள் என்றவரின் மகளும் அவரைத்தான் பார்த்தாள். அதற்குப் பிறகு கூடத்தில் யாரும் உச்சுக் கொட்டவில்லை.

"தம்பி, நீ செஞ்சது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு அவள் தும்பியிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்தாள்.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கரும்பலகையில் வரைந்தான். "பாட்டில் இறக்கை. ரெண்டு சுத்துல நின்னுடுச்சு. நான் எல்லாத்தையும் தட்டையா வெச்சுட்டேன்க்கா. தட்டையா இருந்தா காத்து அது மேல மோதிட்டுப் போயிடும், தள்ளாது. சாய்ச்சு வெச்சுப் பார்க்கணும்னு நெனச்சேன். அதுக்குள்ள…" அங்கே நிறுத்திக்கொண்டான். அதுவரை வாயே திறக்காத பெட்டிக்காரர், "நல்லா பார்த்திருக்கான்" என்றார்.

ஆனாலும் தும்பியைத் தேர்ந்தெடுக்கவில்லை. வாண்டுவையும், பல்பே எரியாவிட்டாலும் ஏன் எரியவில்லை என்று சரியாகச் சொன்ன ஒரு கண்ணாடி போட்ட பையனையும் கூப்பிட்டார்கள். இன்ஜினியர் பெண் மூத்தவளிடம் வந்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: "உங்க பையனை அழைச்சுட்டுப் போக எனக்கு ஆசைதாம்மா. ஆனா தானே செஞ்சு கொண்டுவந்தவங்க இத்தனை பேர் இருக்காங்க. அவங்களுக்கு அது அநியாயம். ஓடாத மெஷினை எங்களால சரி பண்ண முடியும். ஓடாததை ஓடற மாதிரி காட்டினா, அது எங்க கெட்டிருக்குன்னே கடைசி வரைக்கும் தெரியாமப் போயிடும்."

வீட்டுக்கு நடந்து வரும்போது பிள்ளைகள் இருவரும் முன்னால் போனார்கள். வாண்டு தன் காற்றாலையைத் தும்பி கையில் கொடுத்திருந்தாள். அவன் அதன் இறக்கையைத் திருகித் திருகி என்னவோ விளக்கிக்கொண்டு போனான். இத்தனை நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவன் இவ்வளவு பேசுகிறான் என்பது மூத்தவளுக்கு அப்போதுதான் புத்தியில் பட்டது.

இளையவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தக் கடைக்கு நானும் போனேன். உங்க பையனுக்கு நீங்க வாங்கினது தெரிஞ்சு, அதைவிடப் பெருசா ஒண்ணு கேட்டேன். எம்பொண்ணுதான் ஒரே பிடிவாதமா வேண்டாம்னுட்டா. இல்லேன்னா இன்னிக்கு ரெண்டு சுத்தியிருக்கும்."

மூத்தவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"ஒம்பது வருஷமா உன்னைப் பார்த்து எரிஞ்சுக்கிட்டே இருந்தேன். நான் எரிஞ்சா எனக்குத்தானேன்னு இருந்துட்டேன். அதுக்கு விறகா என் பிள்ளையை இல்ல போட்டிருக்கேன்! நமக்குப் போட்டி போடணும்னா நாம ஓடிப் பார்த்துக்கலாம். பிள்ளைங்க தப்பும் தவறுமா செஞ்சாலும், அவங்க கையால செய்ய விட்டுடணும். இல்லேன்னா நாம ஜெயிச்சுடுவோம், அவங்க ஒண்ணுமில்லாமப் போயிடுவாங்க."