அரசருக்கு ஒரு சேவல்

புன்மா சவப்பெட்டியை விரலால் தட்டினாள். “ஏங்க, எழுந்து சாப்பிடுங்க. மீன் பொரிச்சிருக்கு, ஆறிடப் போகுது.” சோற்றுத் தட்டை முறைப்படி தலைமாட்டில் வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். “ரட்சனி, வண்டியை எடு. சிலைக்குப் போகணும்.”

“இப்பவா? மத்தியானம் தீ வைக்கணும்மா.”

“அதுக்குத்தான் இப்பவே. நரேசுவன் மன்னருக்குச் சேவல் வைக்கிறேன்னு நேர்ந்திருக்கேன். அதைச் செய்யாம உங்கப்பனைத் தீயில ஏத்த விடமாட்டேன்.”

ரட்சனி சாவியை எடுத்தாள். அப்பா சம்ராங்குக்குத் தொண்டையில் புற்று. மாதக்கணக்கில் வலியால் கத்தினார், கடைசியில் கத்தவும் குரல் இல்லை. அம்மா அவரைப் புரட்டிப் படுக்கவைப்பாள், துடைத்துவிடுவாள், எப்படியாவது காப்பாற்றுங்கள் என்று டாக்டர்களின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சுவாள். அப்படி ஒரு நாள்தான், சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ரட்சனி சிலைக்குப் போனாள். ‘அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுங்க. சேவல் வைக்கிறேன்’ என்று மண்டியிட்டுக் கேட்டாள். அந்த வாரமே அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மாவின் முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. பெற்ற அப்பனின் சாவைக் கேட்டு வாங்கியவள் என்று தன்னையே வெறுத்தாள்.

அந்தக் காலத்தில் சேவல் சண்டைப் பிரியராக இருந்த அரசர், சாலை நடுவே சிலையாக, வாளும் கையுமாக நின்றிருந்தார். அவர் காலடியில் சுதைச் சேவல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், சாயம் போனது, நேற்று வந்தது என்று எல்லாம் இருந்தன. லாட்டரியோ பட்டாள வேலையோ, நல்ல புருஷனோ, ஊரே அவரிடம்தான் வந்து கேட்கும்.

சேவல் கடைக்காரி அவர்களின் கறுப்பு உடையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனால் வியாபாரத்தை விடவில்லை.

“எந்த சைஸ் வேணும்க்கா? கேட்டது கெடைச்சிருந்தா பெருசா வைங்க. கெடைக்கலைன்னா குட்டியே போதும், அவரு கோவிச்சுக்க மாட்டாரு.”

“பெருசே குடு” என்றாள் புன்மா.

இரண்டு பேருமாகத் தூக்கிப்போய்ச் சிலையடியில் இறக்கினார்கள். ரட்சனிக்கு மூச்சு வாங்கியது. கூடவே எரிச்சலும் வந்தது.

“அப்பாதான் போயிட்டாரே. கேட்டதைக் கொடுக்காதவருக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய சேவல்?”

“கொடுத்தாருடி.”

“என்ன கொடுத்தாரு?”

புன்மா ஊதுபத்தியைப் பற்றவைத்தாள். காற்றில் அணைந்தது. மறுபடி பற்றவைத்தாள்.

“நான் அவர் உசுரைக் காப்பாத்தச் சொல்லிக் கேக்கல. பட்டது போதும், கூப்பிட்டுக்கோங்கன்னு கேட்டேன். அங்க ஆஸ்பத்திரியில காப்பாத்துங்கன்னு கெஞ்சிட்டு, இங்க வந்து இதைக் கேட்டேன்.” அவள் மகளைப் பார்க்கவில்லை. “உங்கிட்ட எந்த வாயால சொல்றது? அப்பன்னா உனக்கு உசுராச்சே.”

சொல்லிவிட்டு மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ரட்சனி பையிலிருந்த பணத்தை எண்ணினாள். பிறகு கடைக்கு நடந்தாள்.

“இன்னொண்ணு குடுங்க. அதே சைஸ்.”

அதைத் தனியாகவே மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். புதுப் பெயின்ட் அவள் கறுப்புச் சட்டையில் சிவப்பாக ஒட்டியது.

புன்மா கண்ணைத் திறந்தாள். சேவலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். தன் சேவலை இரண்டு கையாலும் பிடித்து, பக்கத்தில் இன்னொன்று நிற்க இடம் வரும்வரை நகர்த்தினாள்.