ஸ்டெஃபாவின் கோட்டு

இடது கை நுழைந்துவிட்டது. வலது கைதான் அடம்பிடித்தது. அண்ணன் காசிமிர் வாங்கி வந்த இளநீலக் கவுன், ஸ்டெஃபாவின் முழங்கைக்கு மேல் ஏறமாட்டேன் என்றது. போர்க்காலம் தொட்டு அமெரிக்காவின் பஃபலோ நகரக் கார் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டி உரமேறிய தோள் அது. இருக்கும்போதே யாருக்கும் வளைந்து கொடுக்காதவள், செத்த பிறகா கொடுப்பாள் என்று நினைத்தபோது தங்கை ஹலீனாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

சவ அடக்க மண்டபத்துக்காரர் கத்தரிக்கோலை நீட்டினார். முதுகுப்பக்கம் வெட்டிவிட்டால் முன்னாலிருந்து தெரியாதாம். ஹலீனா அதை வாங்கி ஓரமாக வைத்தாள். அக்காவின் உதட்டில் ரோஜா நிறச் சாயம் வேறு பூசியிருந்தார்கள். இன்னும் சற்று நேரத்தில் சர்ச் ஜனம் வந்து நின்று, கடைசியிலாவது பெண்ணாக இருக்கிறாளே என்று நிம்மதிப் பெருமூச்சு விடும். அதை நினைக்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்கதவு வழியாக வெர்னா வந்தாள். ஸ்டெஃபாவோடு குடித்தனம் நடத்தியவள். ஊருக்கு அவள் வாடகையில் பாதி கொடுக்கிற தோழி. ஞாயிறுதோறும் அவர்கள் வீட்டில் சாப்பிட்ட ஹலீனாவுக்கு உண்மை தெரியும். வெர்னாவின் கையில் ஸ்டெஃபாவின் சாம்பல்நிறக் கோட்டும் கால்சட்டையும் இருந்தன. சனிக்கிழமை இரவுகளில், அவளைப் போன்ற பெண்கள் கூடும் பாருக்குப் போட்டுப் போவது.

"போட விடுவாங்களா?" என்றாள்.

"யாரைக் கேக்கணும்?" என்று சொல்லி ஹலீனா ஈரத்துணியால் அக்காவின் உதட்டைத் துடைத்தாள்.

கவுனை உருவிப் போட்டார்கள். வெர்னா பையிலிருந்து மார்க்கச்சு, பெண்களின் உள்ளாடை, பூவேலை செய்த காலுறை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, "மூணும் இருக்கு" என்றாள். பாரில் சோதனை போடும் போலீஸ், ஆண் உடைக்கு அடியில் குறைந்தது மூன்று பெண் உடுப்பு இல்லாதவளை வண்டியில் ஏற்றிவிடும் என்பது அவர்கள் எல்லோருக்கும் பாடம். வாசற்படியில் நிறுத்திச் சரிபார்க்காமல் வெர்னா ஸ்டெஃபாவை ஒருநாளும் அனுப்பியதில்லை.

"அண்ணி," என்றாள் ஹலீனா. அப்படி அவள் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "போற இடத்துல யாரும் நிறுத்தி எண்ணிப் பாக்கமாட்டாங்க."

வெர்னா கையிலிருந்ததைப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு, அதுவரை அழாதவள், சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த மூன்றையும் பையிலேயே திணித்துவிட்டு ஆண்கள் காலுறையை மாட்டினார்கள். கோட்டுக்குள் கை சுளுவாகப் போயிற்று. தலையைப் பின்னுக்கு வாரி டை முடிச்சை இறுக்கியதும் அக்கா திரும்பி வந்துவிட்டாள்.

கூடத்தில் காசிமிர் பெட்டிக்குள் பார்த்ததும் முகம் கறுத்தார்.

"கவுன் எங்க?"

"பத்தலண்ணா."

"ஊரே சிரிக்கும்டீ."

"சிரிக்கட்டும். அப்பா படுத்த படுக்கையா கிடந்தப்ப தூக்கிக் குளிப்பாட்டினது இந்தத் தோளுதான். அப்ப நீ கவுனைக் கேக்கல."

அண்ணன் இரண்டு பாதியாகத் திறக்கும் பெட்டி மூடியின் கீழ்ப்பாதியை மட்டும் இழுத்துச் சாத்தினார். கால்சட்டையாவது தெரியாமல் இருக்கட்டும் என்று பார்த்தார் போலும்.

அப்போது முன்கதவு திறந்தது. பாரில் இருட்டிய பிறகு மட்டுமே கூடும் பெண்கள், பட்டப்பகலில், போலந்துக்காரர்கள் வாழும் தெரு முழுக்கப் பார்க்க நடந்து வந்திருந்தார்கள். பாதிப்பேர் கோட்டும் டையுமாக, அவரவர் துணையின் கையைக் கோத்தபடி. அதற்குள் வந்து கூடியிருந்த சர்ச் ஜனம் ஒதுங்கி வழிவிட்டது. ஹலீனாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை பேர் என் அக்காவுக்கு!

வெர்னாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து தனக்கும் அண்ணனுக்கும் நடுவில் நிறுத்தினாள். பிறகு மூடியின் கீழ்ப்பாதியைத் தூக்கித் திறந்தாள்.

இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டை. பளபளக்கும் கறுப்பு ஷூ. பாரிலிருந்து வந்தவர்களின் வரிசையில் முதலில் நின்றவள் ஸ்டெஃபாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, மரியாதையாக நிமிர்ந்து தன் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.