மிளகாய் காயும் மாடி

தென்கொரியாவின் தேகு நகரத்தில் அந்த ஆகஸ்டு மாதம் கோழிகள் அவித்த முட்டையாகவே இட்டன. நம்பாதவர்களை நான் வற்புறுத்துவதில்லை. நான் பார்த்ததும் ஒரே ஒரு கோழியைத்தான்.

மியோங்ஜா அன்றுதான் அழகுநிலையத்தில் தலைமுடியைச் சுருள் சுருளாகச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள். வந்த கையோடு மொட்டைமாடியில் சிவப்பு மிளகாயைப் பரப்பினாள். ஊரார் எல்லோரையும் போல அவளும் மாடிக்குக் கரும்பச்சைப் பூச்சு அடித்திருந்தாள். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை இலவசமாக அடித்துத்தர மாநகராட்சி இரண்டு தடவை ஆள் அனுப்பியது. அவள் ஆளையே திருப்பி அனுப்பினாள். மாடி சுட்டால்தான் மிளகாய் காயும் என்பது அவள் கட்சி.

மாடிக்கு நேர் கீழே வாடகைக்கு இருந்தவன் கில்சு. இரவில் பஸ் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவன். தூங்க முடியாமல் அந்த வாரம் இரண்டு முறை பஸ் ஓட்டும்போதே கண்ணயர்ந்துவிட்டான். மூன்றாவது முறையை நினைத்துப் பயந்து மாடியேறி வந்தான்.

"வீட்டுக்காரம்மா, அந்த வெள்ளைப் பூச்சை அடிக்க விடுங்களேன். உள்ள படுக்க முடியல."

"ஃபேன் இருக்குல்ல?"

"இருக்கு. அடுப்பு ஊதுற மாதிரி ஊதுது."

"ஏப்பா, சூரியன் என்ன என் பேச்சையா கேக்குது? ஊருக்கே வெயில்தான். உனக்கு மட்டும் உடம்பு வெண்ணெயா?"

"பத்து நிமிஷம் என் ரூம்ல உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

"பத்தென்ன, அரை மணி உக்கார்றேன்!"

காம்பு கிள்ளலாம் என்று ஒரு கூடை ஈர மிளகாயையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நான்காவது நிமிடம் சுருள்முடி ஒவ்வொன்றாக நிமிர்ந்து தொங்கியது. ஏழாவது நிமிடம் ஒரு மிளகாயை எடுத்தாள்; உள்ளே விதை கலகலத்தது. மேலே வெயிலில் கிடந்த மிளகாய் இன்னும் ஈரமாகவே இருந்தது.

கதவோரம் நின்ற கில்சுவின் சிவந்த கண்களை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"மூணு வருஷமா இதுலயா படுக்கிற?"

"படுக்கத்தான் செய்றேன். தூங்குனதில்ல."

மறுநாளே மாடி வெள்ளையானது. கில்சு ஒன்பது மணி நேரம் தூங்கினான். மிளகாயும் காய்ந்தது, இரண்டு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டு.

"வெள்ளை மாடி கண்ணைக் கூசுதுக்கா" என்று எதிர்வீட்டுக்காரி முனகினாள்.

நிமிர்ந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டு மியோங்ஜா சொன்னாள்: "கூசட்டும். வெயில் தானா வருது, அதைத் தடுக்க முடியாது. ஆனா மாடியிலயும் தெருவுலயும் அதைக் குடிவெச்சது நாமதான். காலி பண்ணச் சொல்ல வேண்டியதும் நாமதான். உன் மாடிக்கு எப்ப ஆள் அனுப்பட்டும்?"