குரங்கின் மேல் போட்ட பழி

கெடா மாநிலத்தில் குருண் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு தர்மலிங்கத்துக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆள்களை வேலை வாங்கியவர். மனைவி இறந்ததும் மகள் உமாராணி வந்து அழைத்துக்கொண்டாள். அவளும் மாப்பிள்ளை புவனேசனும் விடிந்ததும் தொழிற்சாலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவர் மட்டும்தான்.

முன்வாசல் ஓரத்தில், மதிய வெயில் படாத இடத்தில், தொட்டியில் ஒரு கமேலியா செடி இருந்தது. கேமரன் மலைக்குப் போனபோது உமாராணி வாங்கிவந்தது. மலைக்குளிரில் பூக்கிற செடி கெடா வெயிலில் வெறும் இலையாகவே நின்றது. குழாய்த் தண்ணீர் அதற்கு ஆகாது என்று மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவாள். இந்த ஜனவரியில், காலைக் காற்று சற்றுக் குளிர்ந்திருந்தபோது, கிளை நுனிகளில் உருண்டை உருண்டையாக மொட்டு வைத்தது. அது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தர்மலிங்கத்துக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. செடியில் இலை பழுக்கிறதே என்று ஒருநாள் அவள் கவலைப்பட்டது மட்டும் காதில் விழுந்திருந்தது.

இளம் செம்பனையில் முதலில் வரும் பூக்குலைகளை வெட்டி எறிந்துவிடுவார்கள். அப்போதுதான் மரம் தேறும். செடி என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தார். மகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஒரு காலையில் அந்த உருண்டை மொட்டுகளை ஒன்றுவிடாமல் திருகிக் கிள்ளினார். கூர்மையாக இருந்த இலைத்துளிர்களைத் தொடவில்லை. கிள்ளியதையெல்லாம் வாசலை ஒட்டி ஓடும் லோங்காங் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். வெகுநாளைக்குப் பிறகு ஒரு வேலை செய்த திருப்தி இருந்தது.

மாலையில் காரை விட்டு இறங்கிய உமாராணி, தோளில் மாட்டிய பையோடு செடியின் முன் நின்றுவிட்டாள். ஒரு கிளையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்றை. அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் தான் செய்தது தவறு என்று தர்மலிங்கத்துக்கு உறைத்தது.

"அஞ்சு வருசம் லா," என்றாள் கணவனிடம். "இப்பத்தான் மொட்டே வச்சுச்சு."

குரங்கு வேலையாகத்தான் இருக்கும் என்றான் புவனேசன். ஜெராய் மலையடிவாரத்திலிருந்து இறங்கி வரும் குரங்குகள் அந்தத் தாமான் குடியிருப்பில் மாங்காயையும் விடுவதில்லை, குப்பைத்தொட்டியையும் விடுவதில்லை. மாமா, நீங்கள் வீட்டில்தானே இருந்தீர்கள், பார்த்தீர்களா என்று அவரிடம் கேட்டான்.

தர்மலிங்கம் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"ஆமா மாப்பிள, காலையில ஒண்ணு வந்துச்சு. நான் விரட்டுறதுக்குள்ள ஓடிருச்சு."

பொய் அதோடு நிற்கவில்லை. புவனேசன் பக்கத்து வீட்டுப் பிரேமாவதியிடம் சொன்னான். அவள் தாமான் வாட்சாப் குழுவில் போட்டுவிட்டாள். வாசலில் நின்று விசாரித்தவர்களுக்கெல்லாம் அவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்கக் கேட்கக் குரங்கும் வளர்ந்தது. பெரிய குரங்கு என்றார். பல்லைக் காட்டிச் சீறியது என்றார். பிள்ளைகள் விளையாடும் இடமாயிற்றே என்று எல்லாரும் பயந்து, வனவிலங்கு இலாகாவுக்குப் புகார் போனது. அவர்கள் வந்து பிரேமாவதியின் மாமரத்தடியில் ஓர் இரும்புக் கூண்டை வைத்து, உள்ளே வாழைப்பழச் சீப்பைத் தொங்கவிட்டுப் போனார்கள்.

உமாராணி மட்டும் குரங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல் அவருக்குப் பசியாறக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை கூண்டுக் கதவு விழுந்த சத்தம் கேட்டது. தர்மலிங்கமும் போய்ப் பார்த்தார். உள்ளே ஒரு தாய்க்குரங்கு, அப்படி ஒன்றும் பெரியதில்லை. அதன் குட்டி வெளியே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்தியது. தாய் கம்பி இடுக்கில் கையை விட்டு அதை உள்ளே இழுத்துப் பார்த்தது. சுற்றி நின்றவர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

"அங்கிள் பாத்துச் சொன்னதாலதான் கூண்டு வச்சாங்க," என்றாள் பிரேமாவதி. "நாங்க எத்தன தடவ ஃபோன் பண்ணோம், யாரும் வரல."

அவர் வீட்டுக்குத் திரும்பினார். உமாராணி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உமா, குரங்கு இல்லம்மா. நான்தான் கிள்ளுனேன். செடி தேறும்னு நெனச்சு..."

"தெரியும்பா."

அவள் கத்தி நிற்கவில்லை.

"அன்னிக்கே லோங்காங்ல பாத்தேன். குரங்கு பறிச்சா அங்க கொண்டுபோயி கொட்டாதுல்ல." நறுக்கியதை ஒதுக்கிவைத்த பிறகு சொன்னாள்: "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

இத்தனை நாளும் தெரிந்துகொண்டே தனக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அங்கே நிற்க முடியாமல் மறுபடி மாமரத்தடிக்குப் போனார். அத்தனை பேர் முன்னாலும், தான் எந்தக் குரங்கையும் பார்க்கவில்லை, மொட்டைக் கிள்ளியது தான்தான், குரங்கைத் திறந்து விட்டுவிடுங்கள் என்றார். பிரேமாவதிக்கு முதலில் புரியவில்லை, சிரித்தாள். புரிந்ததும் அவர் முகத்தைப் பார்க்காமல், கூண்டு இலாகாவுடையது, அவர்களுக்குத் தகவல் சொல்லியாயிற்று, நாம் கைவைக்க முடியாது என்றாள். புவனேசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

லாரி வந்தது. குட்டியைச் சாக்கில் பிடித்துப் போட்டுக் கூண்டோடு ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோவீர்கள் என்று தர்மலிங்கம் மலாயில் கேட்டார். தூரத்துக் காட்டில் விடுவோம் என்றார் ஒருவர். மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.

இரவுச் சாப்பாட்டின்போது, தஞ்சோங் டாவாயில் இருக்கும் தம்பி வீட்டில் கொஞ்ச நாள் தங்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் பார்த்தார். புவனேசன் மனைவியைப் பார்த்தான். உமாராணி அவர் தட்டில் குழம்பை ஊற்றினாள்.

"எங்கயும் போக வேணாம்பா. சாப்பிடுங்க."

புவனேசன் அவசரமாகச் சாப்பிட்டு எழுந்து தொலைக்காட்சிப் பக்கம் போனான். எப்போதும் மாமாவையும் பந்தாட்டம் பார்க்கக் கூப்பிடுவான். அன்று கூப்பிடவில்லை. தர்மலிங்கம் தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்தார். மகள் எதிரில் உட்கார்ந்து, அவர் முடிக்கும்வரை காத்திருந்தாள்.